போன வாரம்கூட என்னோடு பேசினார்

நெருங்கிய நண்பர் என்று ஓர் இனம் இருக்கிறது. உங்களுக்கும் எனக்கும் இருக்கிற நண்பர்களைச் சொல்வதாக நினைத்துவிடாதீர்கள். அவர்கள் பாவம், நாம் உயிரோடு இருக்கும்போதே நம்மோடு சண்டை போட்டு, வாங்கிப்போன புத்தகத்தைத் திருப்பித் தராமல், நம் வீட்டுக் குடையை எடுத்துக்கொண்டு போய், சாதாரணமாகக் காலம் தள்ளுகிறவர்கள். இங்கே சொல்ல வந்த இனம் வேறு. இவர்கள் ஒருவர் இறந்த பிறகுதான் அவருக்கு நெருங்கிய நண்பர் ஆவார்கள்.

எப்படி அடையாளம் கண்டுபிடிப்பது? ரொம்பச் சுலபம். ஒரு சாவுச் செய்தி வந்தால் நீங்களும் நானும், "அடடா, எப்படி?" என்று கேட்போம். இவர், "அடடா, கூட்டம் எப்போ?" என்று கேட்பார். கேட்டுவிட்டு ஒரு பெருமூச்சு. பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, எங்கோ தூரத்தில் பார்த்தபடி அந்த வாக்கியத்தைச் சொல்வார்.

"போன வாரம்கூட என்னோடு பேசினாரே!"

இதற்கு என்ன பதில் சொல்ல முடியும்? போன வாரம் இவரோடு பேசியவர் இந்த வாரம் இல்லை என்றால், இரண்டுக்கும் ஏதாவது தொடர்பு இருக்குமோ என்று கேட்கிற துணிச்சல் நமக்கு வருமா? வராது. தலையை ஆட்டிவிட்டு நகர்ந்துவிடுவோம். அப்படி ஆளாளுக்குத் தலையை ஆட்டி ஆட்டித்தான் இந்த இனம் இவ்வளவு பெருகியிருக்கிறது.

இந்த இனத்தில் ஒரு தேர்ந்த மாதிரியை உங்களுக்குக் காட்டுகிறேன். ஒரு கல்லூரியின் முதல்வராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலையில் இருந்த காலம் முழுக்க மணி அடிக்கும்வரை பேசியே பழகியவர். ஓய்வு பெற்ற பிறகு மணி அடிக்க ஆள் இல்லை, அவ்வளவுதான். கெட்ட மனிதர் இல்லை. யார் வீட்டில் துக்கம் என்றாலும் முதல் ஆளாகப் போய் நிற்பார், நாற்காலி தூக்கிப் போடுவார், அழுகிறவர் தோளில் கை வைப்பார். கை வைத்த மறுநிமிடம் வாயைத் திறப்பார், அங்கேதான் சிக்கல்.

அவருடைய இரங்கல் உரைக்கு மூன்று மாடி உண்டு. முதல் மாடி, 'அவரை நான் முதன்முதலில் சந்தித்தபோது'. இதில் இவர் அணிந்திருந்த சட்டையின் நிறம்கூட வரும், அவர் வர மாட்டார். இரண்டாம் மாடி, 'அவருக்கு ஒரு நெருக்கடி வந்தபோது என்னைத்தான் கூப்பிட்டார்'. மூன்றாம் மாடி, கடைசிப் போன். இந்தக் கட்டடத்துக்குள் இதுவரை ஒரு நீச்சல் பயிற்சியாளர், ஒரு மின்வாரியப் பொறியாளர், ஒரு பல் டாக்டர் எல்லாரும் குடியேறியிருக்கிறார்கள். வாசலில் பெயர்ப்பலகை மட்டும் மாறும்.

பல் டாக்டருக்கு நடந்த கூட்டத்தில் நெருங்கிய நண்பர் குரல் தழுதழுக்கச் சொன்னார்: "போன வாரம் என் பல்லைப் பாத்துட்டே டாக்டர் என்ன சொன்னார் தெரியுமா? 'சார், நீங்க பேசறதுக்காகவாவது இந்தப் பல்லெல்லாம் நல்லா இருக்கணும்'னார்!" கூட்டம் உருகிவிட்டது. டாக்டரின் மனைவி மட்டும் கொஞ்சம் குழம்பினார். அவருக்குத் தெரிந்து அந்த வாரம் முழுக்க கிளினிக் பூட்டித்தான் கிடந்தது.

இப்படிச் சௌகரியமாகப் போய்க்கொண்டிருந்த பிழைப்புக்கு நடுவில்தான் பேராசிரியர் இறந்துபோனார்.

பேராசிரியரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அவர் ஆராய்ச்சி செய்த விஷயத்தைக் கேட்டால் சிரிப்பீர்கள்: மனிதர்கள் தங்கள் கதையைத் தாங்களே சொல்லும்போது எங்கே நிறுத்துகிறார்கள், எதை விழுங்குகிறார்கள் என்பது. இதற்காக முடிவெட்டும் கடை, சலவைக்கூடம், பேருந்துப் பணிமனை, ஆஸ்பத்திரி வார்டு என்று போய் உட்கார்ந்துகொள்வார். கேட்பார். வேறு ஒன்றும் செய்ய மாட்டார், கேட்பார். அதையெல்லாம் தலையணை கனத்துக்கு ஒரு புத்தகமாக எழுதினார். அதை முழுசாகப் படித்தவர்கள் என்று பார்த்தால் அச்சுப்பிழை திருத்தியவரும், வேறு வழியில்லாத சில மாணவர்களும்தான். பேராசிரியருக்கு அதைப் பற்றிக் கவலை இல்லை. வார்டில் தான் பார்த்த ஒரு விஷயம்தான் அவரை அரித்துக்கொண்டிருந்தது. படுக்கையில் கிடப்பவர்களைப் பார்க்க வருகிற எல்லாரும் அவர்களிடம் பேசுகிறார்கள். யாருமே அவர்கள் பேசுவதைக் கேட்பதில்லை.

ஒரு நாள் பல்கலைக்கழக வேலையை விட்டுவிட்டு, ஒரு மருந்துக்கடையின் மாடியில் ஒற்றை அறை பிடித்து, 'செவி' என்று ஓர் அறக்கட்டளை ஆரம்பித்தார். செவியின் தொண்டர்கள் ஆஸ்பத்திரிக்கும் முதியோர் இல்லத்துக்கும் போய், யாரும் இல்லாதவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து, அவர்கள் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்டுவிட்டு வருவார்கள். பழம் வாங்கிப் போகக்கூடாது. புத்திமதி சொல்லக்கூடாது. முக்கியமாக, 'எனக்கும் இப்படித்தான் ஒரு தடவை' என்று ஆரம்பிக்கவே கூடாது.

செவியில் சேர ஒரே ஒரு பரீட்சைதான். அதற்குப் பெயர் திருப்பிச் சொல்லுதல். ஒருவர் பேசுவதை உட்கார்ந்து கேட்க வேண்டும். கேட்டு முடித்ததும் அதை அவரிடமே திருப்பிச் சொல்ல வேண்டும். 'ஆமாம், இதைத்தான் சொன்னேன்' என்று அவர் சொன்னால் நீங்கள் செவியின் ஆள். இல்லை என்றால் இன்னொரு நாள் வாருங்கள். பார்க்க எளிதாக இருக்கிறதா? ஒரு தடவை வீட்டில் செய்து பாருங்கள், தெரியும்.

நம் நெருங்கிய நண்பரும் இந்தப் பரீட்சைக்கு உட்கார்ந்தார். ஓய்வு பெற்ற ரயில் ஓட்டுநர் ஒருவரை அவர் எதிரில் உட்கார வைத்தார்கள். வெளியே பேராசிரியரும் மற்றவர்களும் காத்திருந்தார்கள். கடைசியில் கதவு திறந்தது. முதலில் வெளியே வந்த ரயில் ஓட்டுநர் நெற்றியைத் துடைத்துக்கொண்டே, "ஐயா, என் கதையை இவர் சொல்ல முடியாதுங்க. வேணும்னா இவர் கதையை நான் திருப்பிச் சொல்றேன்" என்றார். பேராசிரியர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்ததும், "இவரை வார்டுக்கு அனுப்ப வேணாம். மேடைக்கு வெச்சுக்கலாம். பேச நமக்கும் ஒரு ஆள் வேணுமே" என்றார். அன்றிலிருந்து நெருங்கிய நண்பர் செவியின் துணைத் தலைவர்.

இதில் ஒரு விசித்திரம் என்ன தெரியுமா? ஊரில் எத்தனையோ பேருக்கு நெருங்கிய நண்பராக நடித்த அவர், பேராசிரியருக்கு மட்டும் நிஜமாகவே நண்பர். பேராசிரியரை அவர் உயிராக நினைத்தார். அண்ணன் என்றுதான் கூப்பிடுவார். பேராசிரியரின் மனைவி அவருக்கு அண்ணி. வாரம் தவறாமல் போன் செய்வார். அண்ணன் படுக்கையில் விழுந்த பிறகு, நேரில் பார்க்க மனசு தாங்காது என்று போனோடு நிறுத்திக்கொண்டார். ஆகவே பேராசிரியர் போன செய்தி வந்தபோது அவர், "கூட்டம் எப்போ?" என்று கேட்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டு விம்மினார். அவர் மனைவி ஓடி வந்து தண்ணீர் கொடுத்தார். குடித்தார். தம்ளரைக் கீழே வைத்ததும்தான் கேட்டார்: "கூட்டம் எப்போ?"

கூட்டத்தில் இன்னொரு விஷயமும் இருந்தது. செவிக்கு அடுத்த தலைவர் யார் என்பதை நினைவுக் கூட்டத்தின் முடிவில் அண்ணியே அறிவிப்பதாக ஏற்பாடு. நெருங்கிய நண்பருக்கு அந்த நாற்காலி வேண்டும். பதவி ஆசை என்று சட்டென்று முடிவு கட்டிவிடாதீர்கள். அண்ணன் உட்கார்ந்த இடத்தில் வேறு யாரோ வந்து உட்காருவதை அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. தான் உட்காருவதை மட்டும் நன்றாக நினைத்துப் பார்க்க முடிந்தது. உட்கார்ந்து, மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, பின்னால் அண்ணன் படம் தெரிகிற மாதிரி புகைப்படம் எடுத்துக்கொள்வதுவரை பார்த்துவிட்டார்.

கூட்டத்தன்று காலையில் கண்ணாடி முன் நின்று ஒத்திகை பார்த்தார். மனைவி கட்டிலில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தார்.

"கடைசியா போன்ல அண்ணன் சொன்னார். 'இனி நீதான் எல்லாத்தையும் பாத்துக்கணும்.' இந்த இடத்துல ஒரு நிமிஷம் நிறுத்தலாமா?"

"அவர் சொன்னாரா?"

"என்ன கேள்வி இது? வாரா வாரம் பேசலையா நான்?"

"நீங்க பேசினீங்க. அது தெரு முழுக்கக் கேட்டுச்சு. அவர் என்ன சொன்னார்னுதான் கேக்கறேன்."

"எல்லாத்தையும் வாய் விட்டுச் சொல்லணுமா? எங்களுக்குள்ள ஒரு புரிதல் இருந்துச்சு."

"நல்ல புரிதல்தான். ஏங்க, இந்தக் கடைசிப் போன் கதையை எல்லாருக்கும் போட்டாச்சு. அவருக்காவது வேற ஏதாவது சொல்லக்கூடாதா? அவர் எப்படிப்பட்ட மனுஷர்னு ஏதாவது?"

நெருங்கிய நண்பர் கண்ணாடியில் தன்னையே பார்த்தார். அண்ணன் எப்படிப்பட்டவர்? யோசித்தார். தன் பணி ஓய்வின்போது அண்ணன் கேட்டுக்கொண்டிருந்தது நினைவுக்கு வந்தது. தன் மகள் திருமணப் பிரச்சினையை அண்ணன் கேட்டுக்கொண்டிருந்தது. தன் பித்தப்பை ஆபரேஷனை அண்ணன் விலாவாரியாகக் கேட்டுக்கொண்டிருந்தது. அண்ணனுக்கு என்ன பிடிக்கும், எதற்குப் பயப்படுவார், யாரை நினைத்து வருத்தப்படுவார்? ஒன்றும் அகப்படவில்லை. அதை அலட்சியம் செய்துவிட்டுத் தலையை வாரிக்கொண்டார்.

நகர நூலகத்தின் மாடிக் கூடம். மேடையில் மேசை, மேசைமேல் பேராசிரியர் படம், படத்துக்கு முன்னால் வெள்ளைப் பூக்கள். படத்திலும் அவர் தலையைக் கொஞ்சம் சாய்த்து, யாரோ சொல்வதைக் கேட்பதுபோலத்தான் இருந்தார். மின்விசிறிகள் ஓடின. மடக்கு நாற்காலிகள் எல்லாம் நிரம்பி, சலவைக்கூடத்து ஆட்கள், நர்ஸுகள், பேருந்து நடத்துநர்கள், முதியோர் இல்லத்திலிருந்து வேன் பிடித்து வந்தவர்கள் என்று சுவரோரமும் நின்றார்கள். முன் வரிசையில் அண்ணி, முதுகு சாயாமல் உட்கார்ந்திருந்தார். மேடையில் செவியின் செயலாளர். அவர் முன்பு தலைமை நர்ஸாக இருந்தவர். சத்தம் போடாமலே ஒரு வார்டை அடக்கி வைத்திருந்த அம்மாள். அவருக்குப் பக்கத்தில் பேராசிரியருக்கு வைத்தியம் பார்த்த டாக்டர். அடுத்து நெருங்கிய நண்பர்.

மௌன அஞ்சலி முடிந்ததும் டாக்டர் பேசினார். அவருக்குப் பேச்சு வராது, கையில் இருந்த பேனாவைத் திறந்து திறந்து மூடிக்கொண்டே பேசினார்.

"அவர் தொண்டையில ஆபரேஷன் பண்றதுக்கு முன்னாடியே சொல்லிட்டோம், குரல் போயிடும்னு. சரின்னு தலையாட்டிட்டார். அதுக்கப்புறம் கடைசி வரைக்கும் ஒரு வார்த்தை பேச முடியலை. ஒரு சின்னப் பலகை வெச்சிருந்தார். அதுல எழுதிக் காட்டுவார். நான் ரவுண்ட்ஸ் போனா, 'நீங்க சாப்பிட்டீங்களா டாக்டர்?'னு எழுதி வெச்சிருப்பார். வலியில துடிக்கற மனுஷன் என்னைக் கேப்பார். நான் பதில் சொன்னா அதையும் கேப்பார். எனக்கு..."

பேனாவைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கூட்டத்தில் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

டாக்டர் சொன்னதை நீங்கள் கேட்டீர்கள் அல்லவா? அந்தக் கூடத்தில் இருந்த அத்தனை பேரும் கேட்டார்கள். கேட்காதவர் ஒரே ஒருவர். அவர் கண்ணை மூடி, தலையைக் குனிந்து, உதட்டை மெல்ல அசைத்துக்கொண்டிருந்தார். பார்த்தவர்கள் மனிதர் எப்படி நொந்துபோயிருக்கிறார் என்று நினைத்தார்கள். உள்ளே அவர், 'இனி நீதான்' என்பதற்கு முன்னால் நிறுத்துவதா பின்னால் நிறுத்துவதா என்று முடிவு செய்துகொண்டிருந்தார்.

பின்னால் நிறுத்துவது என்று முடிவானபோது அவர் பெயரைக் கூப்பிட்டார்கள்.

எழுந்தார். ஒலிபெருக்கியை இரண்டு தட்டு தட்டினார். அது நன்றாகத்தான் வேலை செய்துகொண்டிருந்தது, ஆனாலும் தட்டினார். இந்த இனத்தில் தட்டாமல் பேசியவர் இல்லை. முதல் மாடி கட்டினார். கூட்டம் பொறுமையாக இருந்தது. இரண்டாம் மாடி கட்டினார். அதில் செவி என்கிற பெயரையே அண்ணன் தன்னிடம் கலந்து பேசித்தான் வைத்தார் என்று தெரியவந்தது. செயலாளர் அம்மாள் புருவத்தைக் கொஞ்சம் உயர்த்திவிட்டு இறக்கிக்கொண்டார். பிறகு நெருங்கிய நண்பர் கண்ணாடியைக் கழற்றினார். வீட்டிலிருந்து வந்து மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த அவர் மனைவிக்கு, அடுத்து வரப்போவது தெரிந்துவிட்டது. கைப்பையின் வாரை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, 'வேண்டாம்' என்று கண்ணால் சொல்லிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிய மனிதருக்கு மூன்றாவது வரிசை எங்கே தெரியும்?

"போன வாரம்கூட," என்று குரலை இறக்கினார், "அண்ணன் என்னோடு போனில் பேசினார்."

கூடம் சட்டென்று அமைதியானது. நாற்காலிகூடக் கிரீச்சிடவில்லை. ஊசி விழுந்தால் கேட்கும். தன் வாழ்நாளில் இப்படி ஓர் அமைதியை எந்த மேடையிலும் அவர் பார்த்ததில்லை. பேச்சு இறங்குகிறது, நன்றாக இறங்குகிறது என்று உற்சாகம் ஆகிவிட்டது. விடுவாரா?

"வழக்கமான அந்தக் கணீர்க் குரல்! 'தம்பி'ன்னார். 'என்ன அண்ணா'ன்னேன். 'எனக்கு நாள் நெருங்கிடுச்சு'ன்னார். 'அப்படிச் சொல்லாதீங்க'ன்னேன். 'இல்ல தம்பி, இனி நீதான் எல்லாத்தையும் பாத்துக்கணும்'னார்."

நிறுத்தினார். திட்டமிட்டபடி பின்னால் நிறுத்தினார். ஒரு நர்ஸ் வாயைக் கையால் பொத்திக்கொண்டார். ரயில் ஓட்டுநர் தலையில் அடித்துக்கொண்டது மேடைக்கே தெரிந்தது. டாக்டர் தன் செருப்பைக் குனிந்து பார்த்தார். கண்ணாடி இல்லாமல் மங்கலாகப் பார்த்த நெருங்கிய நண்பருக்கு இதெல்லாம் துக்கமாகவே பட்டது.

முன் வரிசையிலிருந்து அண்ணி எழுந்தார். மேடைக்கு வரவில்லை. நின்ற இடத்திலிருந்தே பேசினார்.

"தம்பி போன் பண்ணினது நிஜம்தான்."

கூட்டம் அவர் பக்கம் திரும்பியது.

"அவருக்குக் குரல் போனப்புறம் எல்லாரும் போன் பண்றதை விட்டுட்டாங்க. பேச முடியாதவர்கிட்ட என்ன பேசறதுன்னு கூச்சம். தப்பில்லை. தம்பி மட்டும் விடலை. முதல் தடவையே நான் சொல்லப் பார்த்தேன், 'தம்பி, அவரால பேச...'ன்னு. முடிக்கவே விடலை. 'பரவாயில்லை அண்ணி, நான் பேசிக்கறேன், குடுங்க'ன்னார். சரின்னு காதுல வெச்சேன். அவர் பேசலைங்கறதை இவர் கவனிக்கவே இல்லை."

யாரோ களுக்கென்று சிரித்து, உடனே அடக்கிக்கொண்டார்கள். நெருங்கிய நண்பரின் கை ஒலிபெருக்கியின் மேலேயே இருந்தது. முகத்தில் ஈயாடவில்லை.

"சிரிக்காதீங்க. கேளுங்க." அண்ணி கையை உயர்த்தினார். "அவருக்கு வலி தாங்க முடியாது. மாத்திரை போட்டும் தூக்கம் வராது. சுவரைப் பார்த்துட்டே படுத்திருப்பார். தம்பி போன் வந்தா கையை நீட்டுவார், குடுன்னு. தம்பி என்னவோ ஆபரேஷன், காலேஜு, மகள்னு சொல்லிட்டே இருப்பார். கேட்டுட்டே இவருக்குக் கண்ணு சொருகிடும். நான் போனைத் தலையணை ஓரமா வெச்சுட்டு எழுந்துக்குவேன். வாரத்துல அந்த ஒரு நேரம்தான் நான் உக்காந்து சூடா சாப்பிட்டது. திரும்பி வந்து பாத்தா அவர் தூங்கிட்டிருப்பார், தம்பி பேசிட்டிருப்பார். அந்த ஒரு நேரத்துக்காக இந்த வீடு காத்துட்டிருந்துச்சு. அதுக்கு நான் இவருக்கு நன்றி சொல்லணும். சொல்லிட்டேன்."

அண்ணி உட்கார்ந்தார். யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. கைதட்டுவதா, அழுவதா, எழுந்து தேநீர் குடிக்கப் போவதா? டாக்டர் மறுபடி பேனாவை எடுத்துக்கொண்டார்.

செயலாளர் அம்மாள்தான் எழுந்து ஒலிபெருக்கி பக்கம் வந்தார். அவர் குரலில் கோபம் இல்லை. வார்டில் காய்ச்சல் பார்க்கிற அதே குரல்.

"சார், நீங்க தலைவராகணும்னு ஆசைப்படறீங்க. அது எல்லாருக்கும் தெரியும், அதுல தப்பும் இல்லை. பேராசிரியர் வெச்ச பரீட்சை ஒண்ணுதான். தொண்டருக்கும் அதுதான், தலைவருக்கும் அதுதான். நீங்க இன்னும் அதை முடிக்கலை. இப்ப முடிச்சிடுங்க. அம்மா இப்ப பேசினாங்க. அதைத் திருப்பிச் சொல்லுங்க, போதும்."

ஒருவருக்கு இதைவிட நல்ல வாய்ப்பு கொடுக்க முடியுமா? கேட்டது சற்று முன்னால்தான். சொன்னவர் கண்ணெதிரே இருக்கிறார். நண்பரின் மனைவி மூன்றாவது வரிசையில் உதட்டை அசைத்து, 'வலி, வலி' என்று எடுத்துக்கொடுக்கக்கூடப் பார்த்தார். நெருங்கிய நண்பர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். கண் கலங்கியிருந்தது, அது நிஜமான கண்ணீர்தான். தொண்டையைச் செருமினார்.

"அண்ணி என்ன சொன்னாங்கன்னா," என்று ஆரம்பித்தார், "என் குரல் இல்லாம அண்ணனால இருக்க முடியலை. எல்லாரும் அவரைக் கைவிட்டப்ப நான் மட்டும் விடலை. டாக்டர் மாத்திரையால முடியாததை என் பேச்சு செஞ்சுது. அண்ணன் வீடே என் போனுக்காகத்தான் காத்துட்டிருந்துச்சு. எனக்கு நன்றி சொன்னாங்க." கையைக் கூப்பினார். "இவ்வளவுதான்."

செயலாளர் அம்மாள் முன் வரிசையைப் பார்த்தார். "அம்மா, இதைத்தான் சொன்னீங்களா?"

அண்ணிக்கும் அந்த மனிதர்மேல் பிரியம்தான். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் கூட்டம் முடிந்துவிடும், அந்த மனிதரின் ஆசையும் நிறைவேறிவிடும். அண்ணி படத்தைப் பார்த்தார். பிறகு தலையை அசைத்தார்.

"இல்லம்மா. அவருக்கு வலிச்சுதுன்னு சொன்னேன். அது விட்டுப்போச்சு."

அவ்வளவுதான். நெருங்கிய நண்பர் வாயைத் திறந்தார். மேடையில் நிற்கும்போது முதல் தடவையாக அதிலிருந்து ஒன்றும் வரவில்லை. மெதுவாகத் தன் நாற்காலிக்குப் போய் உட்கார்ந்தார். சற்று நேரத்தில் அண்ணி எழுந்து, செவியின் தொண்டராக முதியோர் இல்லத்தில் ரொம்ப நாளாகக் கேட்டுவருகிற ஒரு தபால்காரரின் பெயரைத் தலைவராக அறிவித்தார். அந்தத் தபால்காரர் மேடைக்கு வந்து, "சரிங்கம்மா" என்று சொல்லிவிட்டு இறங்கிப்போனார். செவியின் வரலாற்றிலேயே நல்ல ஏற்புரை அதுதான் என்று பிற்பாடு பேசிக்கொண்டார்கள்.

வீட்டுக்குப் போகும்போது மனைவிதான் கார் ஓட்டினார். நெருங்கிய நண்பர் பக்கத்தில் உட்கார்ந்து ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். பேசவில்லை. ஒரு சிக்னல் போயிற்று, பேசவில்லை. பாலம் போயிற்று, பேசவில்லை. மனைவிக்குப் பயமே வந்துவிட்டது.

"என்னங்க, நெஞ்சு கிஞ்சு வலிக்குதா?"

"இல்ல. யோசிச்சிட்டிருக்கேன்." கொஞ்சம் பொறுத்து, "அண்ணனுக்கு வலிச்சிருக்கு. இத்தனை நாள் எனக்குத் தெரியவே இல்லை பாரு. எப்பேர்ப்பட்ட முட்டாள் நான்" என்றார். மனைவி ஒரு கையை எடுத்து அவர் கைமேல் வைத்தார். அவரும் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு, எத்தனையோ வருஷத்துக்கு அப்புறம், மனைவியின் பக்கம் நன்றாகத் திரும்பி உட்கார்ந்தார்.

"நீ எப்படி இருக்கே? சொல்லு. நான் கேக்கறேன்."

மனைவிக்குக் கண் பனித்துவிட்டது. எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. எவ்வளவோ இருந்தது.

"என்னத்தைச் சொல்ல. கொஞ்ச நாளா முட்டி வலிக்குதுங்க. மாடிப்படி ஏறும்போது..."

"முட்டியா!" என்றார் நெருங்கிய நண்பர். "அதை ஏன் கேக்கறே, நான் முதல்வரா இருந்தப்ப எனக்கு முட்டியில ஒரு வலி வந்துது பாரு..."

வீடு வந்து சேரும்வரை அந்த முட்டி வலி தீரவில்லை.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள், இப்படிப்பட்டவர்கள் உங்களுக்கும் நாலு பேர் தெரிந்திருப்பார்கள். இதைப் படித்துக்கொண்டே ஒருவர் முகத்தை நினைத்திருப்பீர்கள். அவரிடம் இதைக் காட்ட வேண்டும் என்றுகூடத் தோன்றியிருக்கும். தாராளமாகக் காட்டுங்கள். அதற்கு முன்னால் எனக்காக ஒரு காரியம். நேற்றோ முந்தாநாளோ உங்களுக்குப் பிரியமான ஒருவரோடு வெகுநேரம் போனில் பேசினீர்கள் அல்லவா? பேசி முடித்து, மனசு லேசாகி, 'அப்பாடா' என்று போனை வைத்தீர்களே, அந்த ஆள்தான். அவர் என்ன சொன்னார்? திருப்பிச் சொல்லுங்கள், பார்ப்போம்.

இல்லை, இல்லை. நீங்கள் சொன்னதை அல்ல. அவர் சொன்னதை.